குடமுருட்டிக் கரையில் ஒரு டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் மூச்சு

திருக்காட்டுப்பள்ளியில் காவிரியிலிருந்து பிரிகிற குடமுருட்டி ஆற்றின் கரையில்தான் என்னுடைய யமஹா ஆர்எக்ஸ் 100 மோட்டார் சைக்கிள் தன் ஆயுளில் பாதிக்கு மேல் ஓடியிருக்கிறது. தார்ச்சாலையை விட்டு இறங்கினால் ஆற்றங்கரை மண்பாதை நான்கு கிலோமீட்டர், அதன்பிறகு ஒரு வாய்க்கால் கரை, கடைசியில் எங்கள் களத்துக்குப் போகும் வரப்பு. மூங்கில் வேர் குறுக்கே ஓடும் மேட்டில் முதல் கியரில் ஏறி, மதகுப் பக்கம் கிளட்சைப் பாதி பிடித்தபடி நகர்ந்து, வாழைக் கொல்லை ஓரம் மாட்டு வண்டிக்கு ஒதுங்கி நின்று, மீண்டும் முதல் கியரில் கிளம்புவதுதான் அந்தப் பாதையில் ஓட்டம். 98 சிசி கொள்ளளவும் 50 மில்லிமீட்டர் போரும் (சிலிண்டரின் உள்விட்டம்) அதே அளவு ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) கொண்ட இந்த வண்டி, 1985இல் சாலைக்காக வந்தது. 1996இல் உற்பத்தி நின்றது. சாலைக்காகச் செய்த எஞ்சினை ஆண்டு முழுவதும் கரையில் ஓட்டுபவர் அதைப் பராமரிக்கும் முறையையும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதை நான் இரண்டு பிஸ்டன்களைப் பலி கொடுத்துக் கற்றேன்.

வெளிநாட்டில் இருக்கும் என் சித்தப்பா மகன், இதற்குப் பதிலாக மண்தரையில் ஓடும் நான்கு சக்கர வண்டியான ஏடிவி ஒன்றை வாங்கிவிடலாமே என்று பலமுறை சொல்லியிருக்கிறான். அவன் அங்கே ஓட்டுவது யமஹாவின் பிளாஸ்டர். 195 சிசி, காற்றில் குளிரும் ஒற்றை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக். ஒரு மீட்டருக்கு மேல் அகலமான வண்டியை ஒரு முழ அகல வரப்பில் ஏற்ற முடியாது என்பதால் அந்த யோசனை அங்கேயே நின்றது. ஆனால் எஞ்சின் ஒரே இனம்தான். அவனும் நானும் தொலைபேசியில் பேசினால் முக்கால்வாசி நேரம் கார்புரேட்டரைப் பற்றித்தான் பேசுவோம், நான் இங்கே எழுதுவதில் பெரும்பகுதி அவன் வண்டிக்கும் பொருந்தும்.

சில ஆண்டுகளுக்கு முன் மாசி மாதத்தில், சம்பா அறுப்பு முடியும் தறுவாயில், வண்டி ஒரு புதிய பழக்கத்தைத் தொடங்கியது. ஆக்சிலேட்டரை முழுவதும் விட்ட பிறகும் எஞ்சின் உடனே அடங்காமல் இரண்டு மூன்று நொடி தானாக ரேஸ் ஆகி, அதன்பிறகே ஐடிலுக்கு (ஆக்சிலேட்டர் கொடுக்காத மெதுவான ஓட்டத்துக்கு) வந்தது. கேபிள் பிடிக்கிறது என்று நினைத்து எண்ணெய் விட்டேன். பத்து நாள் கழித்து, நெல் மூட்டை ஒன்றைப் பின்னால் கட்டிக்கொண்டு கரை மேட்டில் ஏறும்போது சத்தம் ஒரு கணம் மெலிந்தது, பின்சக்கரம் பூட்டியது போல நின்றது. கிளட்சைப் பிடித்ததால் விழாமல் தப்பினேன். நகரத்திலிருந்த ஒரு பட்டறையில் சிலிண்டரைக் கழற்றிப் பார்த்தபோது, பிஸ்டனின் புகைவாய்ப் (எரிந்த புகை வெளியேறும் வழி) பக்கம் முழுவதும் மேலிருந்து கீழாக உரசிய கோடுகள் இருந்தன. "ஆயில் இல்லாம ஓட்டியிருக்கீங்க தம்பி" என்றார் மெக்கானிக். ஆயில் டேங்க் பாதிக்கு மேல் இருந்தது என்று சொல்லியும் அவர் ஏற்கவில்லை. ரீபோர் செய்து (சிலிண்டரின் உள்துளையைச் சற்றுப் பெரிதாகக் கடைந்து), 0.25 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போட்டுக் கொடுத்தார். முந்நூறு கிலோமீட்டருக்குள் அதுவும் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்தது.

இரண்டாவது முறை வண்டியை நானே பிரித்தேன். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் அறை வெறும் தண்டு சுழலும் இடமன்று, அது ஒரு துருத்தி. பிஸ்டன் மேலே போகும்போது கார்புரேட்டர் வழியாகக் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை அந்த அறை உறிஞ்சுகிறது. பிஸ்டன் கீழே வரும்போது அதையே பக்கவாட்டு வழிகள் மூலம் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. ஆகவே அந்த அறையில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும், கார்புரேட்டர் அளந்து கொடுத்த கலவையில் அளக்காத காற்று வந்து சேரும். பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த கலவை சூடாக எரியும், அலுமினிய பிஸ்டன் இரும்பு போரைவிட வேகமாக விரியும், நடுவிலிருக்கும் நூலிழை இடைவெளி அடைபடும். டேங்க் நிறைய ஆயில் இருந்தும் பிஸ்டன் பிடித்ததற்குக் காரணம் இதுவே. ஆக்சிலேட்டரை விட்டபின் எஞ்சின் தானாக ரேஸ் ஆனது, அந்த ஓட்டை எனக்குக் கொடுத்த முன்னறிவிப்பு. நான் அதைக் கேபிளின் குற்றமாக்கிவிட்டேன்.

காற்று எங்கே நுழைகிறது என்று கண்டுபிடிக்க நான் பயன்படுத்தியது, வீட்டில் பரணில் கிடந்த பழைய ரத்த அழுத்தக் கருவி. கையில் சுற்றும் பட்டையைக் கழற்றிவிட்டு, ரப்பர் குமிழையும் முள் காட்டும் வட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டேன். லேத் பட்டறையில் ஒரு பழைய ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பீங்கானை நீக்கி, உள்ளே ஒரு பித்தளைக் குழாயைப் பொருத்தித் தந்தார்கள். சைலன்சரைக் கழற்றி, புகைவாயைச் சைக்கிள் டியூப் துண்டும் தகரத் தகடும் வைத்து இறுக்கி அடைத்தேன். கார்புரேட்டரைக் கழற்றி இன்லெட் ரப்பருக்குள் கடைந்த மரக்கட்டையைச் செருகிக் கிளிப்பை முறுக்கினேன். பிஸ்டனை அடிமட்டத்தில் நிறுத்தினால் கிராங்க் அறையும் சிலிண்டரும் ஒரே அறையாகிவிடும். பிளக் துளை வழியாகக் குமிழை அழுத்தி முள்ளை 280க்கு (மில்லிமீட்டர் பாதரசக் கணக்கில்) ஏற்றினேன். நல்ல எஞ்சின் இந்த அளவு அழுத்தத்தை ஆறு நிமிடமாவது தாங்க வேண்டும் என்பது டூ ஸ்ட்ரோக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. என் வண்டியில் முள் ஒரு நிமிடத்துக்குள் 100க்கு இறங்கியது.

சோப்பு நுரையைத் தூரிகையில் தொட்டு ஒவ்வொரு இணைப்பாகத் தடவினேன். ஹெட் பேக்கிங்கில் ஒன்றும் இல்லை, சிலிண்டர் அடியில் இல்லை, இன்லெட் ரப்பரிலும் இல்லை. இடப்பக்க மூடியைத் திறந்து, புல்லர் போட்டு, தண்டின் நுனியிலுள்ள காந்தச் சக்கரமான மேக்னட்டை இழுத்து எடுத்தபிறகு (சுத்தியலால் தட்டி எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்), தண்டைச் சுற்றியிருந்த ஆயில் சீலில் நுரை வைத்தேன். சீலின் கீழ்ப்பக்கத்தில் கடுகு அளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பூத்து உடைந்தன. சீலை நெம்பி எடுத்து நகத்தால் அழுத்தினேன். வளைய வேண்டிய உதடு ஓடு போல இறுகியிருந்தது. இந்தச் சிறு ரப்பர் வளையத்தை முதலிலேயே மாற்றியிருந்தால் இரண்டு பிஸ்டனும் ஒரு ரீபோரும் மிஞ்சியிருக்கும். கிளட்ச் பக்கத்து சீல் கெட்டால் அடையாளம் வேறு: அங்கே காற்றுக்குப் பதிலாக கியர் ஆயில் உறிஞ்சப்படும், அதனால் வெள்ளைப்புகை அடர்த்தியாக வரும், பிளக் நனையும், கியர் ஆயில் அளவு காரணமின்றிக் குறையும். பழைய வண்டியை வாங்குபவர்கள் இரண்டு சீல்களையும் சேர்த்தே மாற்றிவிடுவது நல்லது.

ஓட்டையை அடைத்த பிறகே கார்புரேட்டரைத் தொட வேண்டும். காற்றுக் கசிவு உள்ள எஞ்சினுக்கு ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் சிறு துளைத் திருகு) மாற்றிக்கொண்டே போவது, பொத்தல் குடத்துக்கு மூடி தேடுவதைப் போன்றது. மிகுனி கார்புரேட்டரில் ஆக்சிலேட்டரின் முதல் கால் பங்கை ஸ்லோ ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும் ஸ்லைடின் (காற்று வழியைத் திறந்து மூடும் உருளை) வெட்டும் ஆள்கின்றன. கால் முதல் முக்கால் வரை ஸ்லைடில் தொங்கும் நீடில். அதற்குமேல்தான் மெயின் ஜெட். கரையில் ஓட்டுபவரின் கை நாளில் பெரும்பாலும் முதல் கால் பங்கிலேயே இருக்கும். ஆனால் பட்டறைகளில் எல்லோரும் பேசுவது மெயின் ஜெட்டைப் பற்றி மட்டுமே. நான் எஞ்சினை நன்றாகச் சூடாக்கிவிட்டு, ஏர் ஸ்க்ரூவை முழுவதும் உள்ளே முறுக்கி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, அங்கிருந்து கால் கால் சுற்றாகத் திருப்பி, ஐடில் மிக உயர்ந்து சீராக நிற்கும் இடத்தைத் தேடுவேன். ஸ்க்ரூவை உள்ளே திருப்பினால் பெட்ரோல் மிகும், வெளியே திருப்பினால் காற்று மிகும். அந்த நல்ல இடம் அரைச் சுற்றுக்குள் வந்தால் ஸ்லோ ஜெட் சிறியது. இரண்டரைச் சுற்றைத் தாண்டிப் போனால் ஸ்லோ ஜெட் பெரியது.

பிளக்கின் நிறத்தைப் பார்ப்பதிலும் ஒரு முறை உண்டு. வீட்டு வாசல் வரை மெதுவாக ஓட்டிவந்து கழற்றினால், கடைசி இரண்டு நிமிட ஐடிலின் கரிதான் தெரியும். ஆளில்லாத நேரான கரையில் ஒரே ஆக்சிலேட்டர் நிலையில் சிறிது தூரம் ஓட்டி, கிளட்சைப் பிடித்து, அதே நொடியில் சாவியை அணைத்து, உருண்டு நின்ற இடத்திலேயே பிளக்கைக் கழற்ற வேண்டும். பீங்கான் மூக்கு காபிப்பொடி நிறத்தில் இருந்தால் மனம் நிறைந்து வீட்டுக்குப் போகலாம். சாம்பல் வெளுப்பு ஆபத்து. ஈரக் கருப்பு வந்தால் பெட்ரோலோ ஆயிலோ மிகுதி என்று பொருள், ஆனால் அது பிஸ்டனைப் பிடிக்க வைக்காது.

இப்போது பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், இந்தக் கணக்கை இன்னும் நெருக்குகிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். பழைய பெட்ரோலுக்காக அமைத்த ஜெட்டிலேயே இதை ஊற்றினால் கலவை தானாகவே மெலிந்துவிடும். அதனால் மெயின் ஜெட்டை ஒரு எண் உயர்த்தி, நீடில் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினேன், நீடில் அந்த அளவு மேலே வந்தது. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வண்டி வாரக்கணக்கில் கொட்டகையில் நிற்கும்போது, டேங்க்கின் அடியில் தண்ணீர் பிரிந்து படிவதை ஒருமுறை கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பார்த்தேன். அதன்பிறகு வண்டியை நிறுத்துவதற்கு முன் குழாயை மூடி, கார்புரேட்டர் கிண்ணத்தை வடித்துவிடுகிறேன்.

ஆயிலைப் பொறுத்தவரை, இந்த வண்டியில் தனி டேங்க்கும் பம்ப்பும் உண்டு. ஜாசோ எஃப்.சி. (டூ ஸ்ட்ரோக் ஆயிலுக்கான ஜப்பானியத் தரக் குறியீடு) அச்சிட்ட ஆயில் புகையும் கரியும் குறைவாகத் தரும். டேங்க் ஒருமுறை வற்றிப்போனால் குழாயில் காற்று ஏறிவிடும்; ஆயில் ஊற்றினால் மட்டும் போதாது, பம்ப்பிலுள்ள திருகைத் தளர்த்திக் குமிழிகள் நிற்கும்வரை வடிக்க வேண்டும். அந்த நாளில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயிலை நேரடியாகவும் கலந்து ஓட்டுகிறேன்.

அறுவடை இயந்திரம் வயலில் இறங்கும் தை மாதத்தில் எஞ்சினுக்கு வேறு வகையான சோதனை. புழுதியோடு நெற்சுணையும் காற்றில் பறக்கும். உடம்பில் பட்டாலே அரிக்கிற அந்தச் சுணை, ஃபில்டர் பஞ்சில் வந்து படிந்தால் கெட்டியான பாய் போல் ஆகிவிடும். அந்தப் பருவத்தில் வாரம் ஒருமுறை பஞ்சை எடுத்து, சோப்புத் தண்ணீரில் பிழியாமல் அமுக்கிக் கழுவி, நிழலில் உலர்த்தி, எஞ்சின் ஆயிலில் நனைத்து, சொட்டாத அளவுக்கு அழுத்திவிட்டுப் போடுகிறேன். உலர்ந்த பஞ்சை அப்படியே போட்டால் நுண்தூசி நேரே பிஸ்டன் ரிங்குக்குப் போகும். ஃபில்டரே இல்லாமல் ஓட்டினால் பிக்கப் கூடும் என்று நம்பும் இளைஞர்களிடம் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு, அந்த வண்டிகளின் போர் ஒரு பருவத்தைத் தாங்காது.

சைலன்சரின் உள்குழாயைக் கழற்றி எறிவதும் அதே வகையான தவறு. டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சரும் எஞ்சினின் ஓர் உறுப்பு. வெளியே பாயும் புகையின் அழுத்த அலை, சைலன்சரின் குறுகலில் மோதித் திரும்பி வந்து, புகைவாய் வழியே நழுவும் புதிய கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. அதன் அளவு கெட்டால் சத்தம் கூடும், கரைக்குத் தேவையான கீழ்வேக இழுவை குறையும். செய்ய வேண்டியது கரி எடுப்பதுதான். மெதுவோட்டத்தில் கரி சீக்கிரம் சேர்வதால், ஆண்டுக்கு ஒருமுறை, மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12ஆம் தேதி தண்ணீர் திறந்து அது எங்கள் வாய்க்காலுக்கு வருவதற்குள், ஹெட்டைத் திறந்து பிஸ்டன் தலையையும் புகைவாயையும் சீவிய மூங்கில் சில்லால் சுரண்டுகிறேன். திருப்புளியைவிட மூங்கில் நல்லது, அலுமினியத்தில் கீறல் விழாது.

தண்ணீர் வந்தபிறகு சேறு. படுகைக் களிமண் சிலிண்டரின் குளிர்விக்கும் மடிப்புகளுக்குள் அப்பி உலர்ந்தால், எஞ்சினுக்குக் கம்பளி போர்த்தியது போலாகும். சூடு ஆறியபின் குச்சியால் குத்தி எடுத்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். எஞ்சினுக்குள் தண்ணீர் போய்விட்டால் அன்றிரவே பிளக்கைக் கழற்றி, பெட்ரோலை மூடி, உதைத்து வெளியேற்றி, சிறிது ஆயில் விட்டுச் சுற்றிவைக்க வேண்டும். கிராங்க் பேரிங்கில் மெல்லிய ஆயில் படலம் மட்டுமே இருப்பதால் விடிவதற்குள் துருப்பிடிக்கும். செயின், பிரேக் கட்டைகள் எல்லா வண்டிக்கும் உள்ளவை. ஒன்று மட்டும்: 14 பல் முன் ஸ்ப்ராக்கெட்டை 13 ஆக மாற்றினால் இழுவை ஏறத்தாழ 8 சதவீதம் கூடும், கிளட்சைப் பாதி பிடித்து நகரும் நேரம் குறையும். கரையில் மட்டும் ஓட்டுபவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள மாற்றம் வேறில்லை.

சென்ற வாரம் மீண்டும் அந்தக் குமிழை எடுத்து அழுத்தினேன். முள் 280இல் ஏறி, ஆறு நிமிடம் கழித்து 270க்குக் கீழே இறங்கவில்லை. கிக்கரை மிதிக்கும்போது மட்டும் முன்பிருந்த கனம் இல்லை. ரிங் தேய்ந்திருக்கிறது, சம்பா அறுப்புக்கு முன் மாற்ற வேண்டும்.