மாறிய ஃபைல் மட்டும் போதும் என்றால் முழு 2 டிபியும் ஏன் ஓடுகிறது?

பேக்கப் எடுக்க ஆர்சிங்க் (ஃபைல்களை ஒப்பிட்டு, மாறியதை மட்டும் காப்பி செய்யும் கட்டளை) போட்டாயிற்று, இனி மாறியது மட்டும்தான் போகும் என்று ஓடவிட்டால், 2 டிபி போட்டோவும் வீடியோவும் முதலிலிருந்து போகிறது. யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 எம்பி எழுதினாலும் ஐந்தரை மணி நேரம் தண்டம். உண்மையில் மாறியதோ பத்துப் பதினைந்து ஃபைல்!

ஆர்சிங்க் சாதாரணமாக ஃபைலுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. அளவும் கடைசியாகத் திருத்திய நேரமும் ஒத்துப்போனால் விட்டுவிடும். ஒன்று பிசகினாலும் மறுபடி எழுதும். பேக்கப் டிஸ்க்கில் ஏற்கெனவே இருந்த காப்பி, வெறும் ‘சிபி’ என்ற சாதாரணக் காப்பிக் கட்டளையில் எடுத்தது. அது பழைய நேரத்தைக் கொண்டுபோகாது, காப்பி எடுத்த நேரத்தையே பதியும். 2011 கல்யாணப் போட்டோவுக்கும் போன வாரத் தேதி.

கண்டுபிடிக்க, ஆர்சிங்கின் டிரை-ரன், ஐட்டமைஸ்-சேஞ்சஸ் ஆப்ஷன்கள் இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். எதையும் எழுதாமல், ஃபைலுக்கு ஒரு வரியாகக் காரணம் காட்டும். வரியில் ‘எஸ்’ இருந்தால் அளவு வேறு, ‘டி’ மட்டும் என்றால் நேரம் மட்டும் வேறு, வரிசையாகப் பிளஸ் குறி என்றால் புது ஃபைல். இங்கே ஆயிரக்கணக்கில் வெறும் ‘டி’.

தீர்வு, ஒரே ஒருமுறை, உள்ளடக்கத்தையே ஒப்பிடும் செக்சம் ஆப்ஷனோடு ஓட்டுவது. உள்ளடக்கம் ஒன்றாக இருந்தால் காப்பி செய்யாமல் நேரத்தை மட்டும் சரிசெய்துவிடும். இரண்டு பக்கமும் முழுதாகப் படிக்க வேண்டும், ஆகவே இரவில் போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். அதன்பின் வழக்கமான ஓட்டம் சில நிமிடம்தான். அளவை மட்டும் பார்க்கும் சைஸ்-ஒன்லி இதைவிட வேகம், ஆனால் கெட்டுப்போன காப்பியையும் நல்லது என்று நம்பிவிடும்.

பேக்கப் டிஸ்க்கின் ஃபார்மேட் ஃபேட்-32 என்றால் வேறு தலைவலி. அது நேரத்தை 2 நொடிக் கணக்கில்தான் வைக்கும், அதனால் ஒற்றைப்படை நொடியில் சேமித்த ஃபைல்கள் ஒவ்வொரு முறையும் மாறியவையாகத் தெரியும். எத்தனை நொடி வித்தியாசத்தைப் பொறுக்கலாம் என்று சொல்லும் மாடிஃபை-விண்டோ ஆப்ஷனுக்கு 1 கொடுத்தால் அடங்கும். எக்ஸ்ஃபேட் ஃபார்மேட்டில், உரிமையாளர் உள்பட எல்லாவற்றையும் அப்படியே கொண்டுபோகும் ஆர்கைவ் ஆப்ஷன் போட்டால் உரிமையாளரை மாற்ற முடியவில்லை என்று பிழைகள் கொட்டி, கடைசியில் 23 என்ற எண்ணோடு முடியும். அங்கே ரிகர்சிவ் (உள் ஃபோல்டர்களும்), டைம்ஸ் (திருத்திய நேரமும்) இரண்டு ஆப்ஷன் மட்டும் போதும்.

இதற்கு நேரெதிரான பொறிதான் ஆபத்தானது. வெராகிரிப்ட் கன்டெய்னருக்குள் (பல ஃபைல்களைப் பூட்டி வைக்கும் ஒரே பெரிய மறையாக்க ஃபைல்) எவ்வளவு எழுதினாலும் வெளியே ஃபைலின் அளவு மாறாது, திருத்திய நேரத்தையும் அது மாறாமல் காக்கும், தொடக்க அமைப்பே அப்படி. ஆர்சிங்க் வருடக்கணக்கில் பழையதையே வைத்துக்கொண்டு, பிழையில்லை என்று சொல்லும். அந்த அமைப்பை அணையுங்கள்.

ஃபோல்டருக்குப் பெயர் மாற்றினால் ஆர்சிங்குக்கு அது புது ஃபோல்டர், அத்தனையும் மறுபடி போகும். பேக்கப்பிலும் அதே பெயரைக் கையால் மாற்றிவிட்டு ஓட்டுங்கள்.

மூலத்தில் இல்லாததை பேக்கப்பிலிருந்தும் அழிக்கும் டெலீட் ஆப்ஷனை மதித்து நடங்கள். மூல டிஸ்க் மவுன்ட் ஆகாமல் (சிஸ்டத்தோடு இணையாமல்) அந்த இடத்தில் காலி ஃபோல்டர் இருந்தால், பேக்கப்பையும் காலியாக்கிவிடும். அழிக்கும் எண்ணிக்கைக்கு மேக்ஸ்-டெலீட் 100 என்று வரம்பு வையுங்கள். ஸ்கிரிப்டில் முதல் வரியே, டிஸ்க் இணைந்திருக்கிறதா என்று பார்க்கும் மவுன்ட்பாயின்ட் சோதனையாக இருக்கட்டும். பேக்கப் டிஸ்க்குக்கும் அதே சோதனை, இல்லாவிட்டால் காப்பியெல்லாம் சிஸ்டம் டிஸ்க்கிலேயே விழுந்து, அது நிரம்பி வழியும்.

தமிழ்ப் பெயர் வைத்த ஃபைல்களுக்குத் தனிக் கதை. மேக்கின் பழைய டிஸ்க் ஃபார்மேட்டான எச்எஃப்எஸ் பிளஸ், ‘கொடைக்கானல்’ என்பதன் ஒகரக் குறியை இரண்டு துண்டாக உடைத்து வைக்கும், லினக்ஸில் பெரும்பாலும் ஒரே குறி. கண்ணுக்கு ஒன்றுதான், ஆர்சிங்குக்கு இரண்டு ஃபைல். மேக்கிலிருந்து அனுப்பும்போது, பெயரின் குறியீட்டை மாற்றித் தரும் ஐகான்வ் ஆப்ஷன் வேண்டும். பழைய மேக்குகளில் வந்த ஆர்சிங்க் 2.6.9-இல் அது கிடையாது, 3.0 முதல்தான் உண்டு. லினக்ஸின் எக்ஸ்ட்-4 ஃபார்மேட்டில் பெயருக்கு 255 பைட்தான் எல்லை. தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், ‘பு’வுக்கே 6. விண்டோஸ் ஏற்றுக்கொண்ட நீளமான பெயர் இங்கே ‘ஃபைல் நேம் டூ லாங்’ என்று திரும்பி வரும். அதைச் சுருக்குவதைத் தவிர வழியில்லை.