ஒன்பதால் வகுபடும் குறை

என்மேல் மேலிடத்துக்கு மொட்டைக் கடுதாசி போட்டவர் யார் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கடன் பாஸ் செய்ய நான் கமிஷன் வாங்குவதாக எழுதியிருந்தது. விசாரணைக்கு வந்த அதிகாரி கடிதத்தை மேஜைமேல் வைத்தபோது ‘ழ’வின் வால் கண்ணில் பட்டது. எங்கள் வங்கிக் கிளையின் கேஷ் புத்தகத்தில், கேஷியரின் கையெழுத்தில் தினமும் பார்க்கிற வால். குற்றம் எதுவும் இல்லை என்று விசாரணை முடிந்தது. ஆனால் அந்த நான்கு மாதமும் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை.

“உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள்” என்பது சண்டே ஸ்கூலிலேயே மனப்பாடமான வசனம். பிரசங்கத்தில் இதற்குப் பெரிய உதாரணங்களாகவே வரும். 1569-ல் நெதர்லாந்தில் டர்க் வில்லெம்ஸ் சிறையிலிருந்து தப்பி உறைந்த நீர்மேல் ஓடினார். துரத்தியவன் பனி உடைந்து உள்ளே விழ, திரும்பி வந்து அவனைத் தூக்கிவிட்டார். அதனாலேயே பிடிபட்டு எரிக்கப்பட்டார். கேட்கும்போது கண் கலங்கும். திங்கட்கிழமை கேஷ் கவுண்டரைப் பார்த்ததும் வயிறு எரியும்.

ஒரு நாள் சாயங்காலம் கேஷ் டேலி ஆகவில்லை. கேஷியர் மூன்றாவது முறையாக எண்ணிக்கொண்டிருந்தார். கிடைக்காவிட்டால் கைக்காசுதான். பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது தொகை காதில் விழுந்தது: 18,000.

கேஷில் உட்கார்ந்து பழகியவனுக்கு இந்த எண் பேசும். குறைவது 9-ஆல் வகுபட்டால், இலக்கம் இடம் மாறியதா, பூஜ்யம் கூடியதா என்று முதலில் பார் என்பது பழைய கணக்கு வித்தை. நூறு தாள் உள்ள 20 ரூபாய்க் கட்டு 2,000. 200 ரூபாய்க் கட்டு 20,000. வித்தியாசம் அதே 18,000. புது 20 பச்சை கலந்த மஞ்சள், 200 பளிச் மஞ்சள். அவசரத்தில் கை மாறிவிடும். வாசற்படியிலேயே எனக்கு விடை தெரிந்துவிட்டது.

சும்மா பஸ் ஏறினால் போதும். மறைப்பானேன், அந்த நினைப்பு இனித்தது.

என்னை நிறுத்தியது சிநேக வசனம் இல்லை. பைபிளில் யாத்திராகமம் 23-ல் ஒரு கழுதை வரும். உன்னைப் பகைக்கிறவனின் கழுதை சுமையோடு விழுந்துகிடந்தால் கூடநின்று உதவு என்கிறது சட்டம். அவனை உனக்குப் பிடித்திருக்க வேண்டும் என்று அங்கே ஒரு வார்த்தை கிடையாது. ‘சிநேகம்’ என்ற தமிழ்ச் சொல்தான் என்னைக் குழப்பியிருக்கிறது. அந்த வசனம் வரும் மத்தேயு சுவிசேஷத்தின் கிரேக்கத்தில் அந்த இடத்தில் இருப்பது, பிறர் நலம் நாடும் அன்பான அகாபேயின் வினைச்சொல், நட்பைக் குறிக்கும் பிலியா அல்ல. வேதபாட வகுப்பில் கேட்டதுதான், அப்போது மண்டையில் ஏறவில்லை.

“சார், இன்னைக்கு இருபது ரூபாய்க் கட்டு யாருக்காவது கொடுத்தீங்களா?”

நிமிர்ந்து பார்த்தார். சில்லறை கேட்டு வந்த மளிகைக் கடைக்காரர் ஒருவருக்கு. போன் போட்டோம். கட்டு பிரிக்காமல் கல்லாவில் கிடந்தது. அரை மணி நேரத்தில் மகனிடம் கொடுத்தனுப்பினார், நல்ல மனுஷன்.

கேஷியர் நன்றி சொல்லவில்லை. மறுநாளும் என் மேஜைப் பக்கம் பார்க்காமல்தான் போனார். எனக்கும் அவரைப் பிடிக்கவில்லை. இரவு ஜெபத்தில் அவர் பெயரை வேகமாகச் சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போகிறேன்.