வேகக் கணக்கைக் கையில் வாங்காமல் நட்சத்திரம் போட உட்காராதீர்கள்

ஒரு நெடுஞ்சாலைக்கு ஐராப் (iRAP: சாலை எவ்வளவு பாதுகாப்பானது என்று 1 முதல் 5 நட்சத்திரம் வரை போடும் சர்வதேச முறை) வழியில் நட்சத்திர மதிப்பீடு ஒருவழியாக முடிந்தது. கேமரா வண்டி ஓட்டியது, வீடியோ பார்த்து 100 மீட்டருக்கு ஒரு துண்டாகக் கோடிங் செய்தது, அதாவது சாலையில் என்னென்ன இருக்கிறது என்று குறித்தது எல்லாம் சுமுகம். உயிரை வாங்கியது வேகக் கணக்குதான்.

வண்டிகள் நிஜமாகப் போகும் வேகத்தைச் சாலை அலுவலகத்தில் கேட்டோம். "பலகையில எழுதியிருக்கே சார், அதையே போட்டுக்கோங்க" என்றார் கோப்பு வைத்திருந்தவர். பலகையை யார் மதிக்கிறார்கள்! வேகம் கூடக்கூட விபத்தும் கூடும், அடிபட்டவர் பிழைப்பதும் அரிதாகும். மதிப்பெண்ணே அதைச் சுற்றித்தான் ஓடுகிறது.

நாங்களே ரேடார் கருவியோடு கிளம்பினோம். பாதுகாப்புக்கென்று அலுவலகம் சுழல்விளக்கு ஜீப்பை அனுப்பி வைத்தது. அதைக் கண்டதும் அத்தனை வண்டியும் பவ்யமாக ஊர்ந்தது. அன்று எடுத்த கணக்கு முழுக்கக் குப்பைக்கு. அளப்பவர் ஓட்டுநர் கண்ணில் படவே கூடாது, ஒளிரும் சட்டை உட்பட.

அடுத்து, பாதசாரி எண்ணிக்கை. கொடுத்த தாளில் கார், லாரி, பைக் எல்லாம் இருந்தன; நடப்பவர் கட்டத்தில் வரிசையாகப் பூஜ்ஜியம். எண்ணவில்லை என்பதைத்தான் பூஜ்ஜியமாக எழுதியிருந்தார்கள். அப்படியே ஏற்றினால் அந்தத் துண்டுக்குப் பாதசாரி நட்சத்திரமே வராது. பள்ளி வாசலில்கூட வரைபடம் சிவப்பு காட்டாமல் சுத்தமாக இருக்கும். வீடியோவில் பிள்ளைகள் கடப்பதை நிறுத்திக் காட்டிய பிறகே ஆள் வைத்து எண்ணச் சம்மதித்தார்கள்.

நிஜ வேகத்தைப் போட்டதும், பலகை வேகத்தில் 3 நட்சத்திரம் வாங்கிய பல துண்டுகள் 2-க்கு இறங்கின. உடனே அலுவலகத்தாரின் முகம் மாறியது. 2030-க்குள் புதுச் சாலைகள் எல்லாம் பாதுகாப்புக்கான தொழில்நுட்பத் தரத்தை எட்ட வேண்டும், அல்லது குறைந்தது 3 நட்சத்திரமாவது வாங்க வேண்டும் என்பது ஐ.நா. இலக்கு, பழைய சாலைக்கும் அதே எண்ணைக் காட்ட ஆசை. "பழைய வேகத்தையே போடுங்களேன்" என்றார்கள். "எழுத்தில் கொடுங்கள், போடுகிறோம்" என்றோம். கடிதம் வரவே இல்லை!

பெருமையாகக் காட்டிய புது இரும்புத் தடுப்பின் முனை மொட்டையாக நின்றது. பாதுகாப்பில்லாத முனை கோடிங்கில் ஆபத்துப் பொருள். அதற்கும் வாக்குவாதம், விதிப்புத்தகத்தைத் திறந்து வைத்ததும் அடங்கியது.

கடைசியாக ஒன்று: சராசரியாக்கிய வரைபடத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். துண்டு துண்டான மூல மதிப்பீட்டையும் கேளுங்கள். மோசமான ஒற்றை வளைவு சராசரியில் காணாமல் போய்விடுகிறது.