அணியத்திலிருந்து நங்கூரம் வரை

ஜூன் 2, திங்கள்

டிசம்பரில் போன நங்கூரத்துக்குப் பதிலாகப் புதியது வந்துவிட்டது. நான்கு கை விரித்தது, 15 கிலோ. இத்தனை மாதம் அடுத்த வீட்டுப் படகின் பழைய நங்கூரத்தை இரவல் வாங்கிச் சமாளித்தோம்.

அந்த இரவை நான் இன்னும் மறக்கவில்லை. பாம்பனுக்கு வடக்கே, பாக் நீரிணைப் பக்கம் ஃபைபர் படகைக் கட்டியிருந்தோம். நள்ளிரவுக்கு மேல் வாடைக் காற்று எழும்பியது. விடிந்தபோது படகு கரையில் சாய்ந்து கிடந்தது, அடிப்பகுதியில் ஒரு முழம் நீளத்துக்குக் கீறல். கயிற்றை இழுத்தேன், சங்கிலியும் கூடவே வந்தது, நங்கூரம் வரவில்லை. சங்கிலியின் கடைசி வளையத்தில் ஒரு காயமும் இல்லை. எதுவும் அறுந்துபோகவில்லை, நங்கூரத்தைச் சங்கிலியோடு இணைக்கும் இரும்பு வளைவான சேக்கிளின் திருகாணிதான் தானாகக் கழன்று விழுந்திருந்தது. படகு ஆடும்போதெல்லாம் அது கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியிருக்க வேண்டும். அதைக் கையால் திருகியதோடு விட்டவன் நான்தான்.

ஜூன் 3, செவ்வாய்

பழைய கயிற்றை முற்றத்தில் விரித்துப் பார்த்தோம். அப்பா எதுவும் பேசாமல் சங்கிலியோடு முடிச்சுப் போட்டிருந்த இடத்தைக் காட்டினார். மூன்று புரியில் இரண்டு தேய்ந்து பஞ்சாகியிருந்தன. இரும்பு வளையத்தில் கயிற்றை நேராகக் கட்டினால் அப்படித்தான் ஆகும். அன்று நங்கூரம் கழன்றிருக்காவிட்டாலும் அடுத்த காற்றுக்குக் கயிறு அறுந்திருக்கும்.

ஜூன் 5, வியாழன்

ராமேசுவரம் போய்ச் சாமான் வாங்கினோம். துத்தநாகம் பூசிய 8 மில்லிமீட்டர் சங்கிலி, 8 மீட்டர். எடை 11 கிலோவுக்கு மேல். அதற்கு 10 மில்லிமீட்டர் சேக்கிள் இரண்டு. சேக்கிள் சங்கிலியை விட ஒரு அளவு தடிமனாக இருக்க வேண்டும்.

கடைக்காரர் மலிவான பச்சைக் கயிற்றைத்தான் முதலில் எடுத்துப் போட்டார். அது மிதக்கும் கயிறு. காற்று விழுந்து தளரும்போது தண்ணீரின் மேல் கிடந்து இன்ஜின் காற்றாடியில் சுற்றிக்கொள்ளும், வெயிலில் சீக்கிரம் நொறுங்கும். நைலான்தான் வேண்டும் என்று நின்று, 14 மில்லிமீட்டரில் 100 மீட்டர் வாங்கினேன். நைலான் மூழ்கும், அலை உலுக்கும்போது நீண்டு கொடுத்துத் திரும்பச் சுருங்கும். அந்த உலுக்கல் நங்கூரம் வரை போகாமல் பாதி வழியிலேயே தணிந்துவிடும். சங்கிலியின் வேலை வேறு. அது தன் எடையால் தரையோடு படுத்துக் கிடந்து நங்கூரத்தைப் படுக்கைவாட்டில் இழுக்கிறது. மேல்நோக்கி இழுத்தால் நங்கூரம் மண்ணை விட்டுக் கிளம்பிவிடும். கடலடிப் பாறையான பாரில் உரசுவதைத் தாங்குவதும் இரும்புதான், கயிறு தாங்காது.

ஜூன் 8, ஞாயிறு

இன்று முழுக்கக் கயிற்று வேலை.

நுனியில் ஒரு முழம் அளவுக்கு மூன்று புரிகளையும் பிரித்தேன். கயிறு உட்காரப் பள்ளம் வைத்த இரும்புக் கண்ணைச் சுற்றிக் கயிற்றை இறுக்க வளைத்து, பிரித்த புரிகளைத் தாய்க்கயிற்றின் முறுக்குக்கு எதிராக ஒன்றின் மேல், ஒன்றின் கீழ் என்று செருகிக்கொண்டு போனேன். முதல் முறை ஒரே இடுக்கில் இரண்டு புரி வெளியே வந்துவிட்டது. மாமா பார்த்துவிட்டு, "பிரித்துவிடு மாப்பிள்ளை, மூன்று புரிக்கும் தனித்தனி வாசல் வேண்டும்" என்றார். பிரித்தேன். இரண்டாம் முறை சரியாக விழுந்தது. நைலான் வழுக்கும் என்பதால் ஒவ்வொரு புரியையும் ஐந்து முறை செருகினேன். பிறகு நுனிகளைத் தீயில் காட்டி உருக்கி அமுக்கினேன். பின்னிய இடம் விரலுக்குக் கெட்டியாக, கதிர் போலச் சிறுத்துக்கொண்டே போகிறது. முடிச்சு கயிற்றின் பலத்தில் பாதியைக்கூடத் தின்றுவிடும். பின்னல் அவ்வளவு பலத்தைத் தின்பதில்லை.

சேக்கிளை மாட்டித் திருகாணியை இடுக்கியால் இறுக்கினேன். அதன் துளையில் கட்ட மாமா செப்புக் கம்பி கொண்டுவந்திருந்தார். நான் மறுத்துவிட்டேன். உப்புத் தண்ணீரில் செம்பு பக்கத்தில் இருந்தால் துத்தநாகப் பூச்சு விரைவில் அரித்துப்போகும். துத்தநாகம் பூசிய கட்டுக்கம்பியையே மூன்று சுற்று சுற்றி முறுக்கினேன். நங்கூரத்தின் பக்கமும் அப்படியே. இதைச் செய்ய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அன்று நான் செய்யாமல் விட்டது இதைத்தான்.

ஜூன் 9, திங்கள்

ஐந்து பாகத்துக்கு ஒன்றாகச் சிவப்பு நூலைப் புரிக்குள் கோத்து அடையாளம் வைத்தேன். ஒரு பாகம் என்பது இரு கையையும் விரித்த நீளம், சுமார் ஆறு அடி. அம்மா நூலை எடுத்துக்கொடுத்தாள். கயிற்றின் மறுநுனியை அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், உள்ள கட்டையில் கட்டியாயிற்று. பக்கத்தில் ஒரு கத்தியும் செருகி வைத்திருக்கிறேன். அவசரத்தில் அறுத்துவிட்டு ஓட வேண்டிய நாளும் வரும்.

ஜூன் 12, வியாழன்

சோதித்துப் பார்த்தோம். தண்ணீர் 2 பாகம், தண்ணீரிலிருந்து அணியத்தின் உயரம் அரைப் பாகம். இழுப்பு படுக்கைவாட்டில் இருக்க அதைப் போல் ஏழு மடங்கு நீளம் விடுவோம். இரண்டரையை ஏழால் பெருக்கினால் பதினேழரை. சங்கிலியும் கயிறுமாக 18 பாகம் விட்டோம். கடல்புல் இல்லாத வெள்ளை மணல் தெரியும் இடமாகத் தேடிப் போட்டேன். புல்லில் போட்டால் நங்கூரம் அதைக் கொத்தாகப் பிடுங்கிக்கொண்டு வரும், மண்ணில் இறங்காது. பவளப் பாரில் போட எனக்கு மனம் வருவதே இல்லை, ஒருமுறை முறிந்தால் வளர எத்தனையோ ஆண்டு.

இன்ஜினைப் பின்னோக்கி ஓட்டினேன். அப்பா அணியத்தில் குந்தி, விறைத்த கயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்திருந்தார். நங்கூரம் இழுபட்டால் கயிற்றில் கடகடவென்று ஒரு அதிர்வு வரும். கரையில் தேவாலயக் கோபுரமும் தென்னையும் ஒன்றின் பின் ஒன்றாக நின்றன, படகு நகர்ந்தால் விலகித் தெரியும். வேகத்தைக் கூட்டினேன். கோபுரம் தென்னையை விட்டு விலகவில்லை.

அப்பா கையை எடுக்காமலே, "இன்னும் கொஞ்சம் கூட்டு" என்றார்.