கோட்டை வாசலில் ஒரு கோபோல்ட்

ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதைக்குள் நடந்துபோகும் மேசை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட உட்கார்ந்தால் நான் எடுப்பது கோபோல்ட் என்ற குட்டி அரக்கனைத்தான். மூன்றடிக்குள் உயரம், பல்லி முகம், உடம்பெல்லாம் செதில். 2016-இல் வந்த விதிகளில் அதற்கு வலிமையிலேயே 2 குறைவு. வெயிலில் கண் கூசி அடி தப்பும். ஆனால் நாம் அடிக்கப்போகும் எதிரியை ஒட்டி நம் ஆள் ஒருவர் நின்றால் போதும், 20 முகப் பகடையை இரண்டு தரம் உருட்டிப் பெரிய எண்ணை வைத்துக்கொள்ளலாம். துணைக்கு ஆள் இருந்தால்தான் அதற்குப் பலம். அந்த ஒரு விதியில் ஒரு முழு மனசு தெரிகிறது எனக்கு.

போன ஆட்டத்தில் எங்கள் கூட்டத்தில் இருந்த எல்ஃப் என்ற அழகிய இனத்தவரும் மனிதனும் கோட்டை வாசலைச் சும்மா கடந்துபோனார்கள். என் கோபோல்டின் நெஞ்சுக்கு நேராக மட்டும் காவலாளியின் ஈட்டி நீண்டது. கதையை நடத்தும் கேம் மாஸ்டர் என்னைப் பார்த்தார். கத்தியைத் தரையில் வைத்துவிட்டு என் கோபோல்ட் தன் பெயரைச் சொன்னது. அதுவரை யாரும் அதைக் கேட்டதே இல்லை. மேசையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

இப்படி அரக்கனாக ஆடுவது இப்போது வந்த மோகம் என்கிறார்கள். இல்லை. 1974-இல் வந்த முதல் விதிகளே, பலம் குறைவாகத் தொடங்கினால் டிராகனாகக்கூட ஆடலாம் என்றன. 1978-இல், ஓர்க் என்ற முரட்டு அரக்க இனத்தின் கலப்பான அரை ஓர்க் வந்தது. பிளேயர்ஸ் ஹேண்ட்புக் என்ற விதிப் புத்தகத்தின் 2024 பதிப்பில் முழு ஓர்க்கே இருக்கிறது.

எல்ஃப் அழகுதான், சரி. ஆனால் அதற்கு எந்தக் கதவும் மூடியிருப்பதில்லையே. என் கோபோல்ட் ஒவ்வொரு ஊரிலும் முதல் வார்த்தையிலிருந்து தொடங்க வேண்டும். அடுத்த ஆட்டத்தில் அந்தக் காவலாளியிடம் அவன் பெயரைக் கேட்கப்போகிறேன்.