முற்றம் வைத்த வீடு, அட்டையில்: மூன்றாவது கூரை

முற்றம், தாழ்வாரம், திண்ணை, சரிவான ஓட்டுக் கூரை. கிராமத்து நிலத்தோடு ஒட்டி நிற்கும் இப்படியொரு வீட்டை 1:50 அளவில் அட்டையில் செய்துகொண்டிருக்கிறேன். நிஜத்தில் 1 மீட்டர் என்றால் இங்கே 2 செ.மீ. சுவர்கள் ஒரே வாரத்தில் எழும்பிவிட்டன. கூரைதான் விடாமல் வேலை வாங்குகிறது.

முதல் கூரைக்குச் சாய்வு 15 டிகிரி வைத்தேன். மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஓடு ஓடாக வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டி, செடிக்குத் தெளிக்கும் ஸ்பிரேயரை எடுத்து அடித்தேன். தண்ணீர் வழியாமல் ஒவ்வொரு ஓட்டின் விளிம்பிலும் தயங்கி நின்று, இடுக்கில் மேல்நோக்கி ஏறி உள்ளே சொட்டியது. இவ்வளவு சின்ன அளவில் துளி ஒட்டிக்கொள்வது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் சாய்வு குறைந்தால் நிஜ ஓட்டிலும் காற்றோடு வரும் மழை அடுக்குக்குள் ஏறிவிடும். சரி என்று பிரித்து 30 டிகிரிக்கு மாற்றினேன்.

இரண்டாவது கூரை ஒழுகவில்லை, ஆனால் வெயிலில் தோற்றது. இறவாணம், அதாவது கூரை விளிம்பு, சுவரைத் தாண்டி நிஜ அளவில் 45 செ.மீ. நீண்டிருந்தது. அறையை இருட்டாக்கி, டார்ச்சை 60 டிகிரி உயரத்தில் பிடித்துப் பார்த்தால் ஜன்னலில் பெரும்பகுதி பளிச்சென்று வெயிலில் நின்றது. மூன்றாவது கூரையில் நீட்டத்தை 90 செ.மீ. ஆக்கினேன். கூரை சரிந்தே இறங்குவதால் அதன் நுனி 3 மீட்டர் சுவரில் ஏறக்குறைய 2.5 மீட்டர் உயரத்துக்கு வந்துவிடுகிறது. அங்கிருந்து நிழல் இன்னும் ஒன்றரை மீட்டருக்குச் சற்று அதிகமாகக் கீழே விழுகிறது. தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில் இருக்கும் ஜன்னல் அடிக்கட்டை வரை கிட்டத்தட்ட முழுக்க நிழல்! அந்த நிழல்கோடு ஜன்னலின் அடியை நெருங்கி இறங்கியதைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் பெரிது. மண் சுவருக்கும் இதுவே காப்பு. சாரல் எட்டாத சுவர் கரையாது.

முற்றத்தைச் சுற்றி நாலு உள்மூலைகளிலும் இரண்டிரண்டு சரிவுகள் சேர்கின்றன. கூடல்வாய் என்பது இதைத்தான். இரண்டு பக்கத்துத் தண்ணீரும் அங்கேதான் குவியும். ஓட்டை மட்டும் நம்பாமல், குளிர்பானக் கேனை வெட்டித் தகடாக மடித்து அடியில் ஓடவிட்டேன். ஒழுக்கு நின்றது.

அப்புறம்தான் பெரிய தவறு தெரிந்தது. நிலத்தை 2 மி.மீ. அட்டையை அடுக்கிச் செய்தேன். ஓர் அடுக்கு 10 செ.மீ. வீட்டின் நீளத்துக்குள் நிலம் ஆறு அடுக்கு, அதாவது 60 செ.மீ. இறங்குகிறது. வீட்டை அதன்மேல் வைத்தால் முற்றத்து வடிகால் மேட்டுப் பக்கம் பார்க்கிறது. வரைபடத்தை நிலம் பார்க்காமல் போட்டதன் பலன் இது. மாதிரி செய்ய நினைப்பவர்கள் முதலில் நிலத்தை அடுக்குங்கள், பிறகு அறைகளை வரையுங்கள்.

வீட்டை அப்படியே திருப்பினால் வடிகால் சரியாகும். ஆனால் திண்ணை மேட்டை முட்டிக்கொண்டு நிற்கும். அதனால் திண்ணையை இருந்த இடத்திலேயே விட்டு, முற்றத்துத் தரையைப் பிரித்து வாட்டத்தைப் பள்ளத்துப் பக்கம் மாற்றப் போகிறேன். கூரையைத் தொட வேண்டியதில்லை.