தழும்புக் கிளை

பிப்ரவரி 2

தொட்டியில் குட்டையாக வளர்க்கும் என் போன்சாய்ப் புளியின் இலைகள் மாலை 6.25க்கு மூடின. நேற்று 6.20. வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

பிப்ரவரி 3

பூவாளியை இன்றும் இடது கையால்தான் பிடித்தேன். வலது கையில் பிடித்தால் தண்ணீர் சீராக விழாமல் ஒரே இடத்தில் குத்துகிறது, மேல் மண் பறந்து வேர் வெளியே தெரிகிறது. மண் என்று பழக்கத்தில் சொல்கிறேன். அதில் மண்ணே கிடையாது. உடைத்துச் சலித்த செங்கல், கொஞ்சம் கருங்கல் பொடி, மக்கிய இலை ஒரு பிடி, அவ்வளவுதான். தோட்டத்து மண்ணை இப்படி ஆழமில்லாத தொட்டியில் போட்டால் அடியில் தண்ணீர் தேங்கி வேர் அழுகும். முதல் மூன்று மரங்களை அப்படித்தான் கொன்றேன்.

பிப்ரவரி 6

இடது கீழ்க்கிளை. மறுபடியும்.

மரத்தின் உயரம் 46 செ.மீ. அந்தக் கிளை 14வது செ.மீ.யில் புறப்படுகிறது. முதல் கிளை மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருக்க வேண்டும் என்பார்களே, அந்தக் கணக்குக்குக் கிட்டத்தட்டப் பொருந்துகிறது. இடம் சரி. பருமனும் சரி. தப்பு அந்தத் தழும்பில்தான் இருக்கிறது. அடியிலிருந்து ஒரு விரல் நீளத்துக்கு, திருகாணிப் புரி மாதிரி சுற்றிச் சுற்றிப் போகும் பள்ளம். கம்பி கடித்த தடம்.

கிளையை வளைக்க 2012 ஜூலையில் சுற்றிய கம்பி. மூன்று மாதத்தில் எடுத்திருக்க வேண்டும். அந்த மழைக்காலத்தில் நான் மாடி ஏறவில்லை. ஜனவரியில் ஏறிப் பார்த்தபோது கம்பி பாதி பட்டைக்குள் புதைந்து கிடந்தது. புதைந்த கம்பியைச் சுற்றிச் சுற்றி அவிழ்க்கக் கூடாது, பட்டையும் சேர்ந்து உரிந்துவிடும். ஒவ்வொரு சுற்றையும் தனியாக நறுக்கி எடுக்க வேண்டும். 11 துண்டுகள் வந்தன. பழைய மருந்து டப்பா ஒன்றில் போட்டு வைத்தேன். இன்னும் இருக்கிறது.

கிளை தடித்தால் தழும்பு தானே தூர்ந்துவிடும் என்றார்கள். தடித்தது. தழும்பும் கூடவே தடித்தது.

வெட்டிவிடலாம்தான். வெட்டினால் அந்தப் பக்கம் மொட்டை. பக்கத்தில் துளிர் ஒன்று வந்து, அது குச்சியாகி, கிளை என்று சொல்லும்படி ஆவதற்கு ஆறேழு வருடமாவது ஆகும். முன்பெல்லாம் ஆறேழு வருடம் என்று எழுதும்போது கை நிற்காது.

பிப்ரவரி 7

கை நிற்காது என்று நேற்று எழுதியிருக்கிறேன். படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். கை நின்றால்தான் தேவலையே.

பிப்ரவரி 11

மருமகள் மாடிக்கு வந்தாள். "அத்தை, நீங்க சொல்லுங்க, நான் சுத்தறேன்." நான் கூப்பிடவில்லை. யார் சொல்லி அனுப்பியது என்பது தெரியும்.

சரி என்று வெட்டிப்போட்ட காய்ந்த குச்சி ஒன்றைக் கொடுத்தேன். 2.5 மி.மீ. அலுமினியக் கம்பி. கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு கம்பியின் பருமன் என்று கணக்கு. சுற்று 45 டிகிரிச் சாய்வில் போக வேண்டும். நெருக்கிச் சுற்றினால் சுருள்வில்தான் ஆகும், கிளையைப் பிடிக்காது. ரொம்பத் தள்ளிச் சுற்றினாலும் பிடிக்காது. ஒரு கை சுற்றும்போது இன்னொரு கை, சுற்றிய இடத்தைக் கிளையோடு சேர்த்து அமுக்கிக்கொண்டே வர வேண்டும்.

அவள் மூட்டை கட்டுவது மாதிரி இழுத்துக் கட்டினாள். குச்சியில் கோடு விழுந்தது. "தொட்டுக்கிட்டு இருக்கணும், இறுக்கக் கூடாது" என்றேன். இரண்டாவது குச்சி. மூன்றாவது. நாலாவது குச்சியில் சுற்று சீராக வந்தது, ஆனால் வளைக்க வேண்டிய இடத்தில் கம்பி உள்பக்கம் ஓடியது. வெளிவளைவின் முதுகில் கம்பி இருந்தால்தான் மரம் பிளக்காமல் தாங்கும். அதைச் சொல்வதற்குள் அவள் வளைத்துவிட்டாள், குச்சி ஒடிந்துவிட்டது. காய்ந்த குச்சிதானே. எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது?

பிப்ரவரி 12

அவள் வரவில்லை. நல்லது.

பிப்ரவரி 13

அவள் வரவில்லை.

பிப்ரவரி 14

யமாகி பைன் மரத்தின் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். எத்தனையாவது தடவையோ. 1625லிருந்து தொட்டியில் வளர்க்கப்படும் வெள்ளைப் பைன். 1945 ஆகஸ்ட் 6 காலையில் ஹிரோஷிமாவில் யமாகி குடும்பத்துத் தோட்டத்தில் இருந்தது. குண்டு விழுந்த இடத்திலிருந்து சுமார் 3 கி.மீ. ஒரு மதில் மறைத்ததால் தப்பியது. 1976ல் அமெரிக்காவுக்கு ஜப்பான் பரிசாகக் கொடுத்த 53 போன்சாய்களில் அதுவும் போனது. கொடுத்தபோது இந்தச் சேதி வாஷிங்டனில் அந்த மரத்தைப் பராமரித்தவர்களுக்குத் தெரியாது. 2001ல் யமாகியின் பேரன்கள் மரத்தைப் பார்க்கப் போன பிறகுதான் தெரிந்தது. 25 வருடம் அவர்கள் அதற்கு வெறும் மரம் என்றே தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்.

எனக்கு எப்போதும் குண்டைவிட அந்தப் பரிசுதான் உறுத்தும். ஐந்து தலைமுறை கையில் வைத்திருந்ததை யமாகி எப்படி வண்டியில் ஏற்றி அனுப்பினார்? அனுப்பும்போது "இந்தக் கிளையைத் தொடாதே, அந்தக் கிளையைக் கிள்ளு" என்று சொல்லி அனுப்பினாரா, அதுவும் சொல்லவில்லையா?

என் மரத்துக்கு 27 வயது. அதோடு வைத்துப் பேசுவதே அதிகப்பிரசங்கம்.

பிப்ரவரி 15

6.28.

பிப்ரவரி 19

வந்தாள். இந்தத் தடவை நான் சொல்லாமலே இரண்டு குச்சி சுற்றி வைத்துக்கொண்டு வந்திருந்தாள். ராத்திரி அடுக்களையில் உட்கார்ந்து சுற்றியிருப்பாள் போல. வளைவின் முதுகில் கம்பி சரியாக ஓடியது. நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். "ம்" என்றேன்.

அப்புறம் புளியைக் காட்டினேன். வலது மேல்கிளையில் புதுக்குச்சி ஒன்றைச் சுற்றச் சொன்னேன். சுற்றினாள். கட்டைவிரல் இரண்டையும் வளைவின் உள்பக்கம் கொடுத்து, ஒரு மூச்சு விடும் நேரத்தில் ஒரு மி.மீ. நகர்கிற மாதிரி வளைத்தாள். சத்தம் வரவில்லை. புளியங்குச்சி இளசாக இருக்கும்வரைதான் இப்படி வளையும், முற்றிவிட்டால் முறைத்துக்கொள்ளும்.

போகும்போது இடது கிளையைப் பார்த்தாள். நான் தழும்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அத்தை, இதைக் கொஞ்சம் திருப்பி வெச்சா என்ன? முன்பக்கம் இதுதான்னு யார் சொன்னது?" என்றாள்.

யார் சொன்னதா.

பிப்ரவரி 20

நான் சொன்னேன். 2011ல், இந்தத் தொட்டிக்கு மாற்றும்போது, இரண்டு நாள் சுழல்மேடையில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்து நான்தான் சொன்னேன். முன்பக்கம் என்பது சும்மா வாய்க்கு வந்ததா? அடிவேர் எங்கே அகலமாகத் தெரிகிறது, தண்டு எந்தப் பக்கம் பார்க்கிறவரை நோக்கிக் கொஞ்சம் குனிகிறது, வெட்டுக்காயம் எங்கே மறைகிறது, எல்லாம் பார்த்துத்தான் முன்பக்கம். பத்து நாள் குச்சி சுற்றியவள்.

பிப்ரவரி 21

பத்து நாள்கூட இல்லை. இரண்டு தடவை வந்தாள், அவ்வளவுதான்.

பிப்ரவரி 24

எல்லோரும் தூங்கின பிறகு டார்ச்சோடு மாடிக்குப் போனேன். இலைகள் எல்லாம் மூடி, ஒவ்வொரு காம்பிலும் 12 ஜோடி சிற்றிலைகளும் ஒன்றையொன்று அணைத்துக்கொண்டு தொங்கின. இரவில் புளியைப் பார்த்தால் பாதி எடை குறைந்த மரம் மாதிரி இருக்கும். கிளைகளின் எலும்பு அப்போதுதான் தெரியும். போன்சாயைச் செதுக்குகிறவர்கள் இலையை நம்பக் கூடாது, எலும்பைத்தான் பார்க்க வேண்டும். புளி தினமும் அதைத் தானே கழற்றிக் காட்டுகிறது. இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை.

திருப்பினேன். கொஞ்சம் கொஞ்சமாக. சுமார் 35 டிகிரி வந்தபோது இடது கிளை பின்னால் போய், தழும்பு முழுக்கத் தண்டின் தோளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. கிளையின் நுனி மட்டும் எட்டிப் பார்த்தது. அழகாக இருந்தது. இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் வலதுபக்கத்துத் தடித்த வேர் நேரே என்னைப் பார்த்து வந்துவிட்டது, யாரோ காலை நீட்டி உட்கார்ந்திருக்கிற மாதிரி. அதோடு, பின்பக்கம் இருந்த, 2004ல் தண்டை அறுத்த வெட்டு வலது ஓரத்தில் புடைத்துக்கொண்டு தெரிகிறது.

அரைமணி நேரம் அப்படியும் இப்படியும் திருப்பினேன். டார்ச் பிடித்த கை ஆடுவதில் சுவரில் மரத்தின் நிழல் காற்றில் ஆடுவது மாதிரி ஆடியது. காற்றே இல்லை.

பிப்ரவரி 25

பழைய இடத்துக்கே திருப்பி வைத்துவிட்டேன்.

மார்ச் 1

ஆஸ்பத்திரியில் 17ஆம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் தொட்டி மாற்ற வேண்டும். துளிர் வீங்கத் தொடங்கிவிட்டது, இதைவிட்டால் அடுத்த வருடம்தான்.

மார்ச் 5

2004 வெட்டைப் பற்றி அவளிடம் சொன்னேன். 1998ல் போட்ட விதை. ஆறு வருடம் நிலத்தில் விட்டேன், அடித்தண்டு பருக்கட்டும் என்று. தொட்டியில் வைத்தே தண்டைப் பருமனாக்க நினைப்பது கஞ்சி ஊற்றி மல்யுத்தம் சொல்லிக்கொடுப்பது மாதிரி. ஆள் உயரத்துக்கு மேல் போய்விட்டது. ஒருநாள் காலையில் ரம்பத்தை எடுத்து, தரையிலிருந்து ஒரு சாணில், சாய்வாக அறுத்தேன். பார்த்தவர்கள் எல்லாம் ஏன் இப்படி என்றார்கள். மூன்று வாரம் வெறும் கட்டை. அப்புறம் வெட்டின விளிம்புக்குக் கீழே சிவப்பாக ஒரு புள்ளி. இன்றைக்கு இருக்கும் மரத்தின் மேல்பாதி முழுக்க அந்தப் புள்ளிதான்.

"மூணு வாரம் என்ன பண்ணீங்க?" என்றாள்.

ஒன்றும் பண்ணவில்லை. நகத்தால் பட்டையைச் சுரண்டி உள்ளே பச்சை இருக்கிறதா என்று தினமும் பார்த்தேன். சுரண்டிச் சுரண்டி ஒரு பக்கம் பட்டையே போய்விட்டது. இதை அவளிடம் சொல்லவில்லை.

மார்ச் 9

மாற்றியாயிற்று.

காலை 7க்குத் தொடங்கினோம். முந்தின இரண்டு நாள் தண்ணீரைக் குறைத்திருந்ததால் வேர்க்கட்டி தொட்டி வடிவத்திலேயே அப்படியே கழன்று வந்தது. மூன்று வருடத்து வேர், விளிம்போரம் கூடை பின்னினது மாதிரி சுற்றிக்கிடந்தது. வளைந்த முள்கரண்டியால் அவள் வெளியே இருந்து சிக்கு எடுத்தாள், தலைவாருகிற மாதிரி, நடுவில் இருந்து வெளிப்பக்கமாக. இதைக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை, வீட்டில் சின்னப் பெண்ணுக்குத் தினமும் தலை வாருகிறவள். மூன்றில் ஒரு பங்கு வேரை வெட்டினோம். கீழ்நோக்கி இறங்கிய தடித்த வேர் இரண்டை நான் காட்ட, அவள் கட்டரால் எடுத்தாள். சல்லிவேரில் கையே வைக்கவில்லை.

ஓட்டைகளுக்கு வலை, அதன்மேல் பெரிய செங்கல் துண்டு, அதன்மேல் சின்னது. மரத்தை உட்கார வைத்தாயிற்று. அடியில் இருந்து வரும் கம்பியால் வேரைத் தொட்டியோடு கட்ட வேண்டும், இல்லாவிட்டால் காற்றில் ஆடி, புதுச் சல்லிவேர் எல்லாம் அறுந்துபோகும். அவள் முறுக்குவதற்கு இரண்டு கையும் வேண்டும். தண்டை நான்தான் பிடித்துக்கொண்டேன்.

எந்தப் பக்கம் முன் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பிடித்த கை எப்போதும் போல. இலை எல்லாம் சலசலத்தது. அவள் ஒரு வார்த்தை பேசாமல் கம்பியை முறுக்கினாள், முதலில் ஒரு பக்கம், அப்புறம் குறுக்கே எதிர்ப்பக்கம். முடித்தபோது மரம் எங்கே நின்றதோ அங்கே நின்றது.

மூங்கில் குச்சியால் வேரிடுக்கில் செங்கலைக் குத்தி இறக்கினோம். அடியில் தெளிந்த தண்ணீர் வரும்வரை பூவாளியால் ஊற்றினோம். நிழலில் வைத்தாயிற்று.

இருட்டினபிறகு அளந்து பார்த்தேன். பழைய முன்பக்கத்தில் இருந்து சுமார் 20 டிகிரி. தழும்பு பாதி தெரிகிறது, 2004 வெட்டு கொஞ்சம் தெரிகிறது. கால் நீட்டினது ஒருவிதமாக மடங்கி உட்கார்ந்திருக்கிறது.

மார்ச் 10

இலைகள் மாலை மூடவில்லை. ஏனென்றால் காலையில் திறக்கவேயில்லை.

மார்ச் 12

உதிர்கிறது. தொட்டால் மழை மாதிரி. தொட்டி மாற்றினால் புளி இப்படிச் செய்யும், தெரிந்ததுதான். தெரிந்ததுதான் என்று இன்றைக்கு நாலு தடவை எனக்கே சொல்லிக்கொண்டேன்.

மார்ச் 13

மேல் நுனியில் சுரண்டிப் பார்க்கலாமா என்று நினைத்தேன். கூடாது.

மார்ச் 14

கூடாது.

மார்ச் 15

மருமகள் தண்ணீர் ஊற்றும்போது கவனித்தேன், மேல் மண் ஒரு துகள்கூடப் பறக்கவில்லை. பூவாளியை மரத்துக்கு வெளியே சாய்த்து, தண்ணீர் விழத் தொடங்கின பிறகு உள்ளே கொண்டுவருகிறாள். 27 வருடத்தில் எனக்கு இது தோன்றவில்லை. "யார் சொல்லிக்கொடுத்தது?" என்றேன். "யாரும் இல்ல அத்தை, முதல்ல விழற தண்ணிதான் குத்துது, பார்த்தேன்" என்றாள்.

நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். சத்தமாகவே.

மார்ச் 17

போய் வந்தோம். நீட்டு என்றார்கள், மடக்கு என்றார்கள், சுருள் வரையச் சொன்னார்கள். தாளில் உள்ளிருந்து வெளியே ஒரு சுருள். வரைந்து கொடுத்தேன். என் இடது கிளைத் தழும்பை யாரோ பார்த்து வரைந்த மாதிரி இருந்தது. மற்றது ஒரு வாரத்தில் தெரியுமாம்.

மார்ச் 18

மொட்டை மரம். எலும்பு பகலிலேயே தெரிகிறது. மூன்றாவது கிளைக்கும் நாலாவது கிளைக்கும் நடுவில் இவ்வளவு இடைவெளி இருப்பதை இத்தனை வருடம் இலை மறைத்திருக்கிறது.

மார்ச் 20

ஒன்றும் இல்லை.

மார்ச் 21

கம்பித் துண்டு டப்பாவைக் காணோம். அலமாரி முழுக்கத் தேடினேன். அவள் எடுத்து எறிந்திருப்பாள் என்று நினைத்து, கேட்கக் கூடாது என்று நினைத்து, கேட்டேன். மாடியில் கருவிப்பெட்டிக்குள் இருக்கிறதாம், கம்பி என்று எழுதியிருந்ததால் அங்கே வைத்தாளாம். போய்ப் பார்த்தேன். 11 துண்டும் இருக்கிறது.

மார்ச் 24

இடது கிளையில், தழும்பின் இரண்டாவது சுற்றுப் பள்ளத்துக்குள், குண்டூசித் தலை அளவில் ஒரு சிவப்பு. அழுக்கா என்று துடைத்தேன். போகவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். வேறு எங்கும் இல்லை, அங்கே மட்டும்தான்.

கீழே இருந்து கூப்பிடுகிறாள். ஃபோன் வந்திருக்கிறதாம். தண்ணீர் ஊற்றிவிட்டு இறங்குகிறேன்.